கேப்டன் ரூம் போட்ட கதை

தெருவில் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். பேப்பர் போடுகிறவர் முதல் மாடி வீட்டு வாத்தியார் வரை எல்லோருக்கும் அவர் கேப்டன். இருபத்தேழு வருடம் கப்பலில் இருந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? உண்மையில் அவர் கப்பலை ஓட்டும் அறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவர் ஆண்டதெல்லாம் பதினெட்டு அறைகள், முப்பத்தாறு தலையணைகள், எண்ணி மாளாத துண்டுகள். உல்லாசக் கப்பலில் அறைப் பணியாளர். பயணிகள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து உள்ளே புகுந்து, படுக்கையை விரித்து, கழிவறையைத் தேய்த்து, துண்டை மடித்து வாத்தோ முயலோ செய்து மெத்தைமேல் உட்கார்த்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் கிளம்பிவிட வேண்டும். இதைத் தெருவில் அவர் யாருக்கும் விளக்கியதில்லை. கேட்டால், "ஷிப்ல இருந்தேன்" என்பார். பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதை உதறிவிட அவருக்கும் மனம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

அந்தக் கேப்டன் தன் எழுபத்தொன்றாவது வயதில் ஒரு பயண அலுவலகத்தின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பயணியாக ரூம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. எதிரே கம்ப்யூட்டரும் டிராவல்ஸ் பெண்ணும். வயதானவர்களின் கப்பல் சுற்றுலாவுக்கென்றே அந்த அலுவலகத்தில் தனி மேஜை ஒன்று இருந்தது. அதில் உட்காரும் பெண் நிதானமாகப் பேசுவாள், காகிதத்தில் எழுத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுப்பாள், ஒன்றையே நாலு தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாள்.

யோசனை மனைவியுடையது. போன வருடம் அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆனது. கைத்தடியை விட்டுவிட்டு நாலு அடி நடந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"நடக்க முடியுறப்பவே ஒரு தடவை கப்பல்ல போயிடணுங்க. நீங்க எழுதினதையெல்லாம் என் கண்ணால பாத்துடணும்."

வெளியூரில் இருக்கும் மகளும் போனில், "போயிட்டு வாங்கப்பா, அம்மா எத்தனை வருஷமா ஆசைப்படறாங்க" என்றாள். கேப்டன் சிரித்துத் தலையாட்டினார். வாயால் மட்டும் சரி என்று சொல்லவில்லை.

காரணம் இதுதான். அவர் எழுதிய கடிதங்களில் இருந்த கடலை அவர் பார்த்ததே இல்லை.

அறைப் பணியாளருக்கு ஏது கடல்? அவர் தூங்கிய இடம் நீர்மட்டத்துக்குக் கீழே, இரண்டு பேர் மேலும் கீழுமாகப் படுக்கும் பெட்டி மாதிரியான அறை. காலை ஐந்தரைக்கு வேலை ஆரம்பம். பயணிகளின் அறைகளில் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் கடலும் இருந்தது. ஆனால் அவர் கண்ணுக்குப் பட்டது கண்ணாடியில் படிந்த உப்புக்கறைதான். அதைத் துடைப்பார், அடுத்த அறைக்கு ஓடுவார். மத்தியானம் கொஞ்ச நேரம் ஓய்வு உண்டு. மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம், அல்லது தூங்கலாம். இருபத்தேழு வருடமும் அவர் தூக்கத்தையே தேர்ந்தெடுத்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் பதினான்கு மணி நேரம் குனிந்து நிமிர்ந்த முதுகுக்கு நீலமும் பச்சையும் ஒரு பொருட்டா?

ஆனால் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமே. இன்று பதினெட்டுக் கழிவறை தேய்த்தேன், நேற்றும் பதினெட்டு, நாளைக்கும் பதினெட்டு என்றா புதுப் பெண்டாட்டிக்கு எழுதுவது? அவருக்கு மேல்படுக்கையில் இருந்தவன் ஒரு பெயின்டர். பகல் முழுக்கக் கப்பலின் வெளிப்பக்கம் பலகையில் தொங்கித் துருவைச் சுரண்டி வர்ணம் அடிக்கிறவன். சாயங்காலம் வந்து படுத்ததும் அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் கொட்டிவிடுவான். எந்த நேரத்தில் தண்ணீர் என்ன நிறம், எந்தப் பக்கம் மீன் துள்ளியது, மேகம் எப்படித் தேய்ந்து போனது என்று அவனுக்குத் தூக்கம் வரும்வரை வாய் மூடாது. கீழ்ப்படுக்கையில் இருந்த கேப்டன் அதைக் கேட்டுக்கொண்டே எழுதுவார். முதல் கடிதத்தில் தமாஷாகத்தான் தொடங்கியது. பதிலுக்கு மனைவி, "உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்" என்று எழுதினாள். அப்புறம் எங்கே நிறுத்துவது? கல்யாணத்துக்குப் பிறகு இருபத்தைந்து வருடம், நானூற்றுச் சொச்சம் கடிதம்.

அவள் படிப்பதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவள் தபால் நிலையத்தில் முப்பத்துநாலு வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவள். கடிதம் வீட்டு வாசலுக்கு வரும்வரை அவள் காத்திருந்ததில்லை. காலையில் தபால் மூட்டையை அவிழ்க்கும்போதே பிரிக்கிறவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். "அக்கா, கப்பல் வந்துடுச்சு" என்று அலுவலகமே கிண்டல் செய்யும். சாப்பாட்டு வேளை வரை பிரிக்காமல் இழுப்பறையில் வைத்திருப்பாள். படித்து முடித்ததும் உறையின் மூலையில் வரிசை எண் போடுவாள். வருடத்துக்கு ஒரு கட்டு. எல்லாம் பீரோவின் மேல்தட்டில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன.

இப்போது அந்தப் பெட்டிகள் கீழே இறங்கின. மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை, மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். டிராவல்ஸில் கொடுத்த வழித்தடப் புத்தகங்களை ஒருபக்கம் விரித்து, உறைகளின் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, எந்தக் கடிதம் எந்தத் துறைமுகத்தில் போடப்பட்டது, எந்த மாதம் என்று அவள் பட்டியல் போட்டாள். கப்பல் சுற்றுலாவை எல்லோரும் படத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். முத்திரையைப் பார்த்து முடிவு செய்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஏழு நாள் பயணம், நாலு துறைமுகம், அதுவும் அவர் கடிதத்தில் மீன்கள் பறக்கிற மாதத்தில். கேப்டன் அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பார். அவள், "இந்த இருநூத்திப் பன்னெண்டாவது லெட்டர் இருக்கு பாருங்க..." என்று நிமிர்வாள். அவர் மென்று விழுங்கிவிடுவார்.

அவளுடைய அந்த முகம் அவருக்குப் பழைய விடுமுறைகளை ஞாபகப்படுத்தியது. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வந்த புதிதில் தன் வீட்டுப் படுக்கையறைக் கதவையே தட்டிவிட்டு நிற்பார், உள்ளேயிருந்து பதில் வரும்வரை நுழைய மாட்டார். சின்னக் குழந்தையாக இருந்த மகள் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவரை வேடிக்கை பார்ப்பாள். அவர் துண்டில் முயல் செய்து தரையில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரத்தில் முயல் காணாமல் போயிருக்கும். அவர் சட்டையில் ஒட்டியிருந்த கப்பல் சலவை சோப்பு வாசனை போக ஒரு வாரம் ஆகும். அது போய்விட்டால் மகள் மடியில் வந்து உட்காருவாள். அவள் மடிக்கு வரும் அந்த நாளை எண்ணி எண்ணியே மீதி ஒன்பது மாதத்தை ஓட்டியிருக்கிறார் மனிதர்.

பயண அலுவலகத்தில் அன்று காலை எல்லாம் நல்லபடியாகவே தொடங்கியது. டிராவல்ஸ் பெண் கப்பலின் வரைபடத்தைத் திரையில் விரித்ததும் கேப்டனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

"முன்பக்கம் வேண்டாம்மா, நங்கூரம் இறக்கும்போது தூக்கிவாரிப் போடும். நீச்சல்குளத்துக்குக் கீழ இருக்கிற ரூமும் வேண்டாம். விடிய விடிய நாற்காலி இழுப்பாங்க. கப்பல்ல நடு, தளத்துல கீழ. அங்கதான் ஆட்டம் கம்மி. லிப்ட் பக்கத்துலயே இருக்கணும், ஆனா எதிர்லயே இருக்கக்கூடாது."

"சார், எனக்குப் பாடம் எடுக்கறீங்க" என்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "குளியலறையில கைப்பிடி வேணும்னு போட்டுடவா?"

"போடு. வாசப்படி உயரமா இல்லாத ரூமாப் பாரு, இவளுக்கு முட்டி. மூணாவது துறைமுகத்துல கப்பல் கரைக்கு வராது, சின்னப் படகுல இறக்குவாங்க. அன்னிக்கு நாங்க இறங்கல. முதல் பந்தியிலயே சாப்பாடு. ரெண்டு தனித்தனிக் கட்டில், நான் குறட்டை விடுவேன். முதல் நாள் பெட்டி ரூமுக்கு வந்து சேர நேரமாகும், அதனால மாத்திரையெல்லாம் கைப்பையில. இன்சூரன்ஸ் எடுத்தா, ஏற்கனவே இருக்கிற சுகர், பிரஷருக்கும் சேத்து எடுக்கணும். கப்பல் கிளம்பறதுக்கு முந்தின நாளே துறைமுகத்துக்குப் போயிடணும்."

மனைவி பெருமையாகப் பார்த்தாள். அந்தத் தைரியத்தில் கேப்டன் திரையில் ஓர் அறையின்மேல் விரலை வைத்தார். "இது."

டிராவல்ஸ் பெண் தயங்கினாள். "சார், இது உள்பக்க ரூம். ஜன்னல் இல்லையே."

"ஜன்னல் இல்லையா?" என்றாள் மனைவி.

"தூங்குற இடத்துக்கு ஜன்னல் எதுக்கு? இருபத்தேழு வருஷத்துல இந்த மாதிரி ரூம்ல இருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல, தெரியுமா?"

"நான் கம்ப்ளெய்ன்ட் பண்றதுக்கா கப்பல் ஏறப்போறேன்? கடலைப் பாக்கணுங்க எனக்கு."

பணியாளர் கண்ணில் நல்ல அறை என்றால் மணி அடிக்காத அறை. அவர் சொன்னதில் பாதி அந்தப் பழக்கம். மீதிப் பாதி பயம். ஜன்னல் இருந்தால் அவள் ஏழு நாளும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பாளே!

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். அந்தச் சின்னப் பெண்ணின் முன்னாலேயே வாசிக்க ஆரம்பித்தாள். "இன்று விடியும்போது தண்ணீர் பச்சையாக இருந்தது. முதல் கோட் பெயின்ட் காய்ந்து, இரண்டாவது கோட் அடிப்பதற்கு முன்னால் இருக்குமே, அந்தப் பச்சை. திடீரென்று மீன்கள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. வெள்ளித்தாளைக் கிழித்து வீசியது போல இருந்தது. நீ பக்கத்தில் இல்லையே என்று நினைத்தேன்."

"சார், நீங்களா எழுதினீங்க?" டிராவல்ஸ் பெண் வாய் பிளந்தாள். "அப்ப ஜன்னல் ரூமே போட்டுடலாம் சார். எந்தப் பக்கம்? வலதா, இடதா? இந்த ரூட்ல விடியறது எந்தப் பக்கம் தெரியும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"ஆமாங்க, சொல்லுங்க" என்று மனைவி பேனாவை எடுத்தாள். "இந்த மீனை எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க?"

வலது என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. இடது என்றாலும் யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளத் தயாராக, பேனாவைக் காகிதத்தில் ஊன்றி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு எதிரில் நானூற்றுச் சொச்சம் பொய்களோடு இன்னொன்றைச் சேர்க்க அவருக்கு நா எழவில்லை.

"நான் பாக்கல" என்றார்.

"எந்தப் பக்கம்னு ஞாபகம் இல்லையா?"

"இல்லம்மா. பாக்கவே இல்ல. மீனு, பச்சை, மேகம், எதையுமே நான் பாக்கல. மேல் பெர்த்துல ஒரு பெயின்டர் இருந்தான். அவன் பாத்தான், சொன்னான். நான் எழுதினேன்."

டிராவல்ஸ் பெண்ணுக்குத் திடீரென்று அடுத்த அறையில் அவசர வேலை முளைத்தது. எழுந்து போய்விட்டாள். மனைவி கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போட்டாள். அந்தப் பெண் திரும்பி வந்ததும், "ரூமை எத்தனை மணி வரைக்கும் பிடிச்சு வெப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சு மணி வரைக்கும் அம்மா. ரெண்டு ரூமையுமே வெக்கறேன்."

வீடு வரும்வரை அவள் கைப்பையை மடியிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள். கேப்டன் இரண்டு முறை செருமிப் பார்த்தார். பயன் இல்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் கோபத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை, கோபிக்கும் நாட்களில் அவர் ஊரில் இருந்ததும் இல்லை. வந்ததும் அவள் கைகால் கழுவி, மேஜைமேல் இருந்த பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தப் பெயின்டருக்குப் பொண்டாட்டி இல்லையா?"

"இருந்தாங்க."

"அவங்களுக்கு அவரு என்ன எழுதுவாரு?"

கேப்டன் திருதிருவென்று விழித்தார். "அவனுக்கு எழுதத் தெரியாது. அவன் லெட்டரையும் நான்தான் எழுதுவேன்."

"இதையேவா?"

"இதையேதான். பேரை மட்டும் மாத்திப்பேன்."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே கடலா!" என்றாள் அவள். சிரிப்பா அழுகையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். தன் வீட்டு நாற்காலியில் உட்கார அனுமதி கேட்கிறவர் போல இருந்தது அவர் நிலை.

"உக்காருங்க. நான் எதுக்குக் கோவமா இருக்கேன்னு நினைக்கறீங்க? பொய் சொன்னதுக்கா?" அவள் கைப்பையிலிருந்து அதே கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதை எங்க இருந்து படிச்சேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில. பொண்ணுக்கு ஏழு வயசு, குடல்வால் ஆபரேஷன். உள்ள அவ, வெளிய பெஞ்சுல நான். ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் லெட்டரைக் கொண்டுவந்து குடுத்தாரு. தனியா உக்காந்து நடுங்கிட்டு இருக்கேன், கையில உங்க பறக்கிற மீனு. 'இங்க நான் சாகறேன், இந்த மனுஷன் வெள்ளித்தாள் மாதிரி மீன் வேடிக்கை பாத்துட்டிருக்காரு'ன்னு அன்னிக்கு உங்களை மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்ல. அன்னிக்கு மட்டும் இல்லீங்க. ஒவ்வொரு லெட்டருக்கும். ஆசையாவும் படிப்பேன், பொறாமையாவும் இருக்கும். இருபத்தஞ்சு வருஷம் உங்க மேல பொறாமைப்பட்டேனே, அத்தனையும் வீணாப் போச்சே!"

அவள் கஷ்டப்படக் கூடாது என்றுதான் அவர் அத்தனை அழகாக எழுதினார். அந்த அழகே அவளைக் குத்தியிருக்கிறது என்பது இன்றுதான் தெரிகிறது.

"நீ ஆபரேஷனைப் பத்தி எழுதவே இல்லையே" என்றார் மெதுவாக. "எல்லாரும் சௌக்கியம்னுதான எழுதின. லீவுக்கு வந்து குழந்தையைக் குளிப்பாட்டும்போதுதான் தழும்பைப் பாத்தேன்."

"நீங்க நிம்மதியா இருங்கன்னுதான் எழுதல" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பிறகு உறையை அவர் பக்கம் தள்ளினாள். "தேதியைப் பாருங்க. இந்த வாரம் நிஜமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் தேதியைப் பார்த்தார். மறக்கக்கூடிய வாரமா அது? "கப்பல் முழுக்க வாந்தி பேதி. என் பதினெட்டு ரூம்ல பதினோரு ரூம் படுத்துடுச்சு. மூணு நாள் தூங்கல. கதவுப்பிடி, குழாய், சுவிட்சு, எல்லாத்தையும் மணிக்கொரு தடவை மருந்துத் தண்ணியில துடைக்கணும். கை ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு."

மனைவி கடிதத்தைப் பிரித்துக் கடைசி வரியைத் தேடினாள். கப்பல் ஆடுகிறது, அதனால்தான் கையெழுத்து கோணல் என்று அதில் எழுதியிருந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் வலது கையைப் பிடித்து இழுத்து, உரிந்து முப்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்ட தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேப்டன் அழுதார். மறைக்கவும் முயலவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க அவள் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டே இருந்தாள். "இதுல?" என்பாள். அவர் சொல்வார். ஒரு கிழவி பல்செட்டைத் தொலைத்துவிட்டு அவரைத் திருடன் என்றது, அது அவள் போர்வைக்குள்ளேயே கிடைத்தது. துண்டு முயலை நாலு நாள் கலைக்க விடாமல் வைத்திருந்த ஒரு குழந்தை. அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது பெயின்டர் எண்ணெய் தேய்த்துவிட்டது. கரைக்கு ஓடிப்போய்த் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, கப்பல் ஊதும் சத்தம் கேட்டுத் தலைதெறிக்கத் திரும்பி ஓடி வந்தது. அவள் சில இடத்தில் சிரித்தாள், சில இடத்தில் "ஐயோ" என்றாள். ஒவ்வொரு உறையின் பின்பக்கத்திலும் பென்சிலால் இரண்டு வரி குறித்துக்கொண்டாள். இந்தக் கதைகளை ஒரு நாள் தன் வாயால் சொல்வோம் என்று கேப்டன் கனவிலும் நினைத்ததில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பெட்டி மாதிரியான அறையும், மேல்படுக்கையிலிருந்து இறங்கிவரும் குரலும், இஸ்திரி போட்ட துணியின் சூடும் திரும்பி வந்தன. அந்த நாட்களை இவ்வளவு பிடித்திருந்ததா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது அவள்தான் போனை எடுத்தாள்.

"ஜன்னல் இருக்கிற ரூமே போட்டுடுங்கம்மா. எந்தப் பக்கமா இருந்தாலும் சரி... ஆமா, நடுவுல, கீழ்த்தளத்துல, அவரு சொன்னபடியே. கைப்பிடி மறக்காதீங்க."

அந்தப் பெண் ஏதோ கேட்டாள்போல. மனைவி கேப்டனைப் பார்த்தாள்.

"ரெண்டு கட்டில்ல ஜன்னலோரம் யாருன்னு கேக்கறா."

"நீதான். உனக்குத்தான ஆசை" என்றார் கேப்டன்.

அவள் போனில் சொன்னாள். "அவரு பேரைப் போடுங்கம்மா. இருபத்தேழு வருஷம் கப்பல்லயே கிடந்தாரு, பாவம், இன்னும் கடலையே பாக்கல."